ஒத்திக்கு ஆறு லட்சம் தருகிறார்கள், வாங்கலாமா?

வாசகி கேட்டிருப்பது:

“மதுரை ஆனையூர் பக்கம் இரண்டரை சென்ட்டில் எங்களுக்கு ஒரு வீடு. கீழே நாங்கள் இருக்கிறோம். வாசலை ஒட்டி ஒரு சின்னக் கடை. மூன்று வருஷம் முன்னால் மாடியில் இரண்டு படுக்கையறை வீடு எடுத்தோம். அதற்காக வீட்டுப் பத்திரத்தை வைத்து வங்கியில் வாங்கிய கடனில் இன்னும் 4 லட்சம் பாக்கி. மாடிக்கு மாதம் 8,500 ரூபாய் வாடகை வரும் என்கிறார்கள். இப்போது ஒரு குடும்பம், மாத வாடகை இல்லாமல் மொத்தத் தொகை கொடுத்து இருக்கும்படி, 3 வருஷ ஒத்திக்குக் கேட்கிறது. 6 லட்சம் ரொக்கமாகவே தருகிறார்களாம். அதை வாங்கித் திருமங்கலம் பக்கம் மனை போட்டால் 3 வருஷத்தில் இரட்டிப்பாகும், ஒத்தியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு லாபத்தை வைத்துக்கொள்ளலாம் என்கிறான் என் தம்பி. கணவர் போன வருஷம் ஓய்வு பெற்றார். பென்ஷன் சொற்பம்தான்.

“இன்னொன்று. கடையில் தையல் மெஷின் போட்டிருப்பவர் ஐந்து மாதமாக வாடகை தரவில்லை. மாதம் 4,000. அட்வான்ஸ் 20,000 கொடுத்திருக்கிறார். எழுத்தில் எதுவும் இல்லை. கரண்ட்டை நிறுத்திப் பூட்டுப் போட்டால் தானாகப் போய்விடுவார் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். செய்யலாமா?”

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அது கோபத்தில் இன்றோ நாளையோ நடந்துவிடக்கூடிய காரியம். தையல்காரரின் கரண்ட்டைத் தொடாதீர்கள். பூட்டும் போடாதீர்கள். வாடகை எத்தனை மாதம் பாக்கி இருந்தாலும் குடியிருப்பவரின் மின்சாரத்தையும் தண்ணீரையும் உரிமையாளர் நிறுத்தக் கூடாது என்று தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. நிறுத்தினால் அவர் வாடகை அதிகாரியிடம் போய் உடனே திரும்பக் கொடுக்கும்படி உத்தரவு வாங்கலாம். உள்ளே அவருடைய மெஷினும் வாடிக்கையாளர்களின் துணியும் இருக்கும்போது நீங்கள் பூட்டினால் காவல் நிலையத்தில் புகார் கொடுப்பவர் அவராகத்தான் இருப்பார். அதுவரை நியாயம் உங்கள் பக்கம். பூட்டுப் போட்ட நிமிடத்திலிருந்து அது அவர் பக்கம் போய்விடும். நியாயமான பாக்கியோடு வந்து, ஒரே ஒரு பூட்டினால் எதிர்வாதியாக நின்றவர்களை இருபது வருஷத் தொழிலில் நிறையப் பார்த்துவிட்டேன்.

ஐந்து மாதம் நாலாயிரம் என்றால் 20,000. அட்வான்ஸும் 20,000. அதாவது இன்றைய தேதிக்கு அவருடைய அட்வான்ஸ் தீர்ந்துவிட்டது. இனி ஒவ்வொரு மாதமும் உங்கள் கைக்காசுதான் போகிறது. அதனால் இதைத் தள்ளிப்போடாமல் இந்த வாரமே அவரை உட்காரவைத்துப் பேசுங்கள். தொழில் படுத்துவிட்டதா, உடம்பு சரியில்லையா, இல்லை வேறு இடம் பார்த்துக்கொண்டிருக்கிறாரா என்று கேளுங்கள். நாலாயிரம் வாடகைக்குத் தையல் கடை வைத்திருப்பவருக்கு ஐந்து மாதப் பாக்கியை ஒரே தடவையில் தருவது கஷ்டம். மாத வாடகையோடு பாக்கியில் இரண்டாயிரம் சேர்த்துத் தருவதாக அவர் ஒப்புக்கொண்டால் அதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். அதே சமயத்தில் வாடகை ஒப்பந்தத்தையும் எழுதிவிடுங்கள்.

பேச்சுக்கு அவர் மசியவில்லை என்றால், எத்தனை மாதம், எவ்வளவு பாக்கி என்று குறித்து, ஒரு மாதத்துக்குள் கட்டச் சொல்லி ஸ்பீட் போஸ்ட்டில் ஒப்புகையோடு நோட்டீஸ் அனுப்புங்கள். இரண்டு மாத வாடகை பாக்கி இருந்து, நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் கட்டவில்லை என்றால், காலி செய்யச் சொல்லி வாடகை நீதிமன்றத்தில் மனுப் போட அது போதுமான காரணம். வீடு, கடை இரண்டுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். ஆனால் எழுத்தில் ஒன்றுமில்லாமல் அங்கே போனால் முதல் கேள்வியே ‘ஒப்பந்தம் எங்கே’ என்பதாகத்தான் இருக்கும். ஆகையால் நோட்டீஸிலேயே ஒப்பந்தம் செய்துகொள்ள அழைப்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். இதை மட்டும் உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரிடம் கொடுத்துச் செய்யுங்கள். இன்னொரு விஷயம்: கடைக்குத் தனி மீட்டர் இருக்கிறதா, அது வணிகக் கட்டணத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டு மீட்டரிலிருந்து கடைக்கு இழுத்திருந்தால் மின்வாரியம் அபராதத்தை உங்கள் தலையில்தான் போடும்.

சரி, இனி ஒத்திக்கு வருவோம்.

மதுரையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஒத்தி புதிதல்ல. மொத்தமாக ஒரு தொகை கொடுக்க வேண்டியது, வாடகையில்லாமல் இருக்க வேண்டியது, கெடு முடிந்ததும் தொகையை வாங்கிக்கொண்டு காலி செய்ய வேண்டியது. சென்னையில் இதையே லீஸ் என்பார்கள், சில ஊர்களில் போக்கியம் என்பார்கள். ஆறு லட்சம் கைக்கு வருகிறது, வட்டி கிடையாது என்றுதான் வீட்டுக்காரர்கள் நினைக்கிறார்கள். நான் உங்களிடம் சொல்ல நினைப்பதெல்லாம் அந்த நினைப்பைப் பற்றித்தான். ஒத்திக்கு வட்டி உண்டு. அது உங்கள் கையிலிருந்து போகாமல், உங்கள் கைக்கு வராமலேயே கழிந்துவிடுகிறது. அதனால்தான் கண்ணுக்குத் தெரிவதில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 8,500 என்றால் வருஷத்துக்கு 1,02,000 ரூபாய். 6 லட்சத்தை வைத்துக்கொள்வதற்காக ஒவ்வொரு வருஷமும் இதை நீங்கள் விட்டுக்கொடுக்கிறீர்கள். சதவீதத்தில் சொன்னால் 17. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய ஒன்றரை வட்டி. குடித்தனம் மாறும்போது வருஷத்துக்கு ஒரு மாதம் வீடு சும்மா கிடக்கும் என்று கழித்தாலும் 93,500 ரூபாய், பதினைந்தரை சதவீதம். இதைவிடக் குறைந்த வட்டிக்கு நகையை வைத்து வங்கியில் கடன் வாங்கலாம். உங்கள் வீட்டுக்கடனின் வட்டியும் இதைவிடக் குறைவுதான். ‘ஒத்திப் பணத்தில் வங்கிக் கடனை அடைத்துவிட்டால் என்ன’ என்று நீங்கள் கேட்கக்கூடும். வட்டி குறைந்த கடனை அடைக்க வட்டி கூடிய கடனை வாங்குவதாகத்தான் அது முடியும்.

மற்ற வாசகர்களும் இந்தக் கணக்கைத் தங்கள் வீட்டுக்குப் போட்டுப் பார்க்கலாம். வருஷ வாடகையை ஒத்தித் தொகையால் வகுத்து நூறால் பெருக்குங்கள். வருவதுதான் நீங்கள் கட்டும் வட்டி. வாடகை நாலாயிரம்தான் போகும், ஆனால் ஒத்திக்கு ஆறு லட்சம் தருகிறார்கள் என்றால் அது 8 சதவீதம். அப்படிப்பட்ட வீட்டுக்காரருக்கு, மருத்துவச் செலவோ மகள் கல்யாணமோ வந்து பணம் தேவைப்பட்டால், ஒத்தி நல்ல ஏற்பாடாகவே இருக்கலாம். நான் ஒத்திக்கு எதிரி இல்லை. உங்கள் மாடிக்கு, உங்கள் தொகைக்கு, உங்கள் நிலைமைக்கு அது பொருந்தவில்லை என்கிறேன்.

இதை நான் ஏட்டுக் கணக்காகச் சொல்லவில்லை. அக்கா கல்யாணத்துக்காக 1994-இல் எங்கள் அப்பா வீட்டின் பின்கட்டை 60,000 ரூபாய்க்கு ஒத்திக்கு விட்டார். மூன்று வருஷக் கெடு முடிந்தபோது கையில் பணம் இல்லை. இன்னொருவரிடம் ஒத்தி வாங்கி முதலாமவருக்குக் கொடுத்தார். பிறகு இரண்டாமவருக்குக் கொடுக்க மூன்றாமவரிடம் வாங்கினார். ஒவ்வொரு முறையும் புரோக்கர் கமிஷன், வெள்ளையடிப்பு, ஒரு மாத இழுபறி. வேலைக்குப் போய் நான் சேர்த்த பணத்தில் பின்கட்டை மீட்டபோது 2005. பதினொரு வருஷம் அந்த வீட்டிலிருந்து ஒரு ரூபாய் வாடகை வரவில்லை. ஒத்தியை ஒத்தியால் அடைத்துக்கொண்டே போகிற குடும்பங்கள் இன்றும் என்னிடம் வருகின்றன. அவர்களில் யாரும் ஊதாரிகள் இல்லை. வாங்கும்போது அது கடன் என்று யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் விஷயத்தில் இன்னும் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. உங்கள் பத்திரம் வங்கியில் இருக்கிறது. ஒத்தி என்பது சட்டத்தின் பார்வையில் அனுபவ அடமானம். ஏற்கனவே அடமானத்தில் இருக்கும் வீட்டை வங்கியின் சம்மதமில்லாமல் மறுபடி அடமானம் வைப்பது கடன் ஒப்பந்தத்தை மீறுவதாகும். நாளைக்குத் தவணை தவறி வங்கி நடவடிக்கைக்கு வந்தால், ஆறு லட்சம் கொடுத்துவிட்டு மாடியில் இருக்கும் குடும்பம் நடுத்தெருவில் நிற்கும். அப்புறம், 100 ரூபாய்க்கு மேற்பட்ட எந்த ஒத்தியும் பதிவு செய்த பத்திரமாக இருக்க வேண்டும் என்று 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் சொல்கிறது. ஸ்டாம்ப் பேப்பரில் டைப் அடித்து இரண்டு சாட்சிக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வதுதான் நம் ஊர் வழக்கம். தகராறு வந்தால் அந்தத் தாள் இரண்டு தரப்பையும் காப்பாற்றாது.

ரொக்கமாகத் தருகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் எனக்குக் கவலையாக இருந்தது. 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கடன் வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் போட இடமிருக்கிறது. திருப்பிக் கொடுப்பதற்கும் அதே விதிதான். ‘எல்லாரும் அப்படித்தானே வாங்குகிறார்கள்’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அந்த ஆறு லட்சத்தைக் கொண்டுபோய்ப் பத்திரப்பதிவில் காட்டும்போது, பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

இனி தம்பியின் மனை யோசனை. அவர் உங்கள் நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பார். அவரையும் பக்கத்தில் உட்காரவைத்து இந்தக் கணக்கைப் படியுங்கள்.

கையில் 6 லட்சம். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் பொதுவாக 2 சதவீதம், ஆக 9. ஐந்தரை லட்சத்துக்கு மனை வாங்கினால் பதிவுக்கு ஏறக்குறைய ஐம்பதாயிரம் போய், ஆறு லட்சமும் தீர்ந்தது. மூன்று வருஷத்தில் விட்ட வாடகை 3,06,000. அதாவது அந்த மனை 9 லட்சத்துக்கு மேல் விற்றால்தான் நீங்கள் தொடங்கிய இடத்துக்காவது வந்து சேர்வீர்கள். ஐந்தரை லட்சம் மனை மூன்று வருஷத்தில் ஏழு லட்சத்துச் சொச்சம் ஆனால் ஊரில் அதை நல்ல ஏற்றம் என்பார்கள். உங்களுக்கு அப்போதும் இரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாக நஷ்டம்.

தம்பி சொன்னபடியே இரட்டிப்பாகி 11 லட்சத்துக்கு விற்பதாகவும் வைத்துக்கொள்வோம். ஆறு லட்சம் ஒத்திக்காரருக்கு. மிச்சம் 5 லட்சம். விட்ட வாடகையைக் கழித்தால் 1,94,000. இரண்டு வருஷத்துக்கு மேல் வைத்திருந்து விற்ற நிலத்தின் லாபத்துக்கு வரி 12.5 சதவீதம். உங்கள் மற்ற வருமானத்தைப் பொறுத்து அது குறையலாம். முழுதாக வந்தால் 62,500 ரூபாய், அதன் மேல் செஸ். புரோக்கர் கமிஷனும் கொடுத்த பிறகு கையில் நிற்பது ஒரு லட்சம் சொச்சம். எல்லாம் சரியாக நடந்தால் கிடைப்பது அந்த ஒரு லட்சம். ஒன்று பிசகினாலும் போகக்கூடியது வீட்டின் நிம்மதி. இந்த ஒரு லட்சத்துக்காகவா?

பிசகும் என்று நான் பயப்படுவது விலையைப் பற்றி மட்டுமல்ல, நேரத்தைப் பற்றியும். மனையை நினைத்த நாளில் விற்க முடியாது. ஒத்திக்காரருக்குக் கெடு நாளில் பணம் வேண்டும். திருமங்கலம் பக்கம் என்றதும் எய்ம்ஸ் ஞாபகம் வராமல் இருக்காது. தோப்பூரில் 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். சுற்றிலும் மனைப் பலகைகள் முளைத்தன. சுற்றுச்சுவரைத் தாண்டி மருத்துவமனைக் கட்டட வேலை தொடங்கவே 2024 ஆயிற்று. சொந்தப் பணத்தில் வாங்கியவர்களால் ஐந்து வருஷமும் காத்திருக்க முடிந்தது. கடன் பணத்தில், ஒத்திப் பணத்தில் வாங்கியவர்களுக்கு அந்தப் பொறுமைக்கு வழியில்லை. நிலத்தில் சம்பாதித்த பெரும்பாலோர் காத்திருக்க முடிந்ததால் சம்பாதித்தவர்கள். மூன்று வருஷக் கெடுவுள்ள பணத்தோடு நிலத்துக்குப் போகக் கூடாது.

பின்னால் எப்போதாவது உங்கள் சொந்தச் சேமிப்பில் மனை வாங்க நேர்ந்தால், அதற்காகச் சில வார்த்தைகள். அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவா என்று பாருங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவை ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவில் பதிவு செய்யாமல் விற்கக் கூடாது, பதிவு எண்ணைக் கேளுங்கள். அங்கீகாரம் இல்லாத பழைய மனை என்றால், 2016 அக்டோபர் 20-க்கு முன்னால் பிரித்து விற்கப்பட்டவற்றுக்குத்தான் வரன்முறைப்படுத்தும் வழி கொடுத்தார்கள். ‘அதெல்லாம் வாங்கிடலாங்க’ என்ற வாய்வார்த்தையை நம்பாமல் வரன்முறை உத்தரவை வாங்கிப் படியுங்கள். முப்பது வருஷ வில்லங்கச் சான்று, மூலப்பத்திரத்திலிருந்து தொடர்ச்சி, பட்டா யார் பெயரில், புல வரைபடத்தில் பாதை இருக்கிறதா, பவரில் விற்கிறார் என்றால் பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா. கோயில் நிலமா, பஞ்சமி நிலமா என்பதை நம் மாவட்டத்தில் கட்டாயம் விசாரிக்க வேண்டும். பஞ்சமி நிலம் ஒடுக்கப்பட்ட மக்களுக்காக ஒதுக்கப்பட்டது. அதை வாங்குவது சட்டத்துக்கு மட்டுமல்ல, மனசாட்சிக்கும் ஒவ்வாத காரியம். கடைசியாக, ஐப்பசி கார்த்திகையில் ஒரு மழைக்கு மறுநாள் போய் அந்த மனையில் நின்று பாருங்கள். கண்மாய்க்கு உள்வாயிலும் கலுங்குத் தண்ணீர் போகும் வழியிலும் கல் ஊன்றி விற்ற மனைகளைச் சித்திரை வெயிலில் பார்த்தால் அடையாளமே தெரியாது.

அப்படியானால் மாடியை என்ன செய்வது? வாடகைக்கு விடுங்கள். பென்ஷன் சொற்பமான வீட்டுக்கு மாதா மாதம் வரும் 8,500 ரூபாய் பெரிய பலம். வங்கித் தவணையில் பெரும்பங்கை அதுவே கட்டிவிடும்.

யாருக்கு விடுவது என்பதில் நிதானமாக இருங்கள். சாதியையும் சாப்பாட்டையும் விசாரித்து, நல்ல குடித்தனங்களைத் திருப்பியனுப்பிவிட்டு, மூன்று மாதம் வீட்டைப் பூட்டி வைப்பவர்களைப் பார்க்கிறேன். எனக்கு வருத்தமாக இருக்கும். என்ன வேலை, எத்தனை பேர், முன்பு இருந்த வீட்டுக்காரர் என்ன சொல்கிறார், இது மூன்றும் தெரிந்தால் போதும். முக்கியமானது மூன்றாவது. பழைய வீட்டுக்காரருக்கு ஒரு போன் செய்து, ‘வாடகை தேதிக்கு வந்ததா’ என்று கேளுங்கள். ஆதார் நகல் ஒன்று வாங்கி வையுங்கள்.

ஒப்பந்தத்தைக் கட்டாயம் எழுதுங்கள். பதினொரு மாதத்துக்கு எழுதினால் எந்தப் பதிவும் வேண்டாம் என்று இன்னும் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட வாடகைப் பத்திரத்தைச் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும் என்ற விதியிலிருந்து தப்பிக்க வந்தது அந்தப் பதினொரு மாத வழக்கம். 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-இல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் நடக்கிறது. இதன்படி எத்தனை மாதமானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து எண் வாங்க வேண்டும். சார்பதிவாளர் அலுவலகப் பதிவு வேறு, இது வேறு. இதற்கென அரசு இணையதளம் இருக்கிறது. உங்களுக்குப் பழக்கமில்லை என்றால் இ-சேவை மையத்திலோ தெரிந்த பிள்ளைகளிடமோ கேட்டு ஏற்றிவிடுங்கள்.

அட்வான்ஸ் மூன்று மாத வாடகை, அதாவது 25,500 ரூபாய் போதும். வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாத வரை சட்டம் வைத்திருக்கும் எல்லையும் அதுதான். பத்து மாதம் கேட்கும் பழக்கம் ஊரில் இருக்கலாம். நீங்கள் அந்த வழியில் போகாதீர்கள் என்பது என் வேண்டுகோள். அட்வான்ஸும் ஒத்தியைப் போல அவர்கள் பணம்தான், அளவுதான் சிறியது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் கழிவு போகத் திருப்பித் தர வேண்டும். வங்கி வழியாக வாங்கி, அப்படியே உங்கள் பெயரில் ஒரு தனி வைப்பில் போட்டு, ‘மாடி அட்வான்ஸ்’ என்று ரசீதின் மேல் எழுதிப் பீரோவில் வைத்துவிடுங்கள். பள்ளிக்கூடக் கட்டணம், சீர்வரிசை என்று எது வந்தாலும் அதைத் தொடாதீர்கள். அட்வான்ஸைத் திருப்பித் தருவதற்காகப் புதுக் குடித்தனத்தைத் தேடி அலைவதும், அது கிடைக்கும் வரை பழைய குடித்தனத்தை இழுத்தடிப்பதும் வீட்டுக்காரரின் மரியாதையைத் தின்றுவிடும்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை என்று பார்த்தால், வாடகை எந்தத் தேதிக்குள், வருஷத்துக்கு எவ்வளவு ஏறும், காலி செய்ய இரு தரப்பும் எத்தனை மாதம் முன்னால் சொல்ல வேண்டும், இவையெல்லாம் எல்லாரும் எழுதுவதுதான். எழுதாமல் விடுவது பழுது பார்ப்பதைப் பற்றி. சண்டையும் அங்கேதான் வருகிறது. சட்டத்தின் அட்டவணை இதைப் பிரித்தே கொடுத்திருக்கிறது. கட்டடப் பழுது, சுவருக்கு வெள்ளை, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், குழாய் லைன் மாற்றுவது, ஒயரிங், இவை உரிமையாளர் வேலை. குழாய் வாஷர், சுவிட்சு, அடைத்துக்கொண்ட சாக்கடைக் குழி, உடைந்த கண்ணாடி, இவை குடியிருப்பவர் வேலை. போகும்போது ஒரு மாத வாடகையை வெள்ளையடிக்கப் பிடித்துக்கொள்வது நம் ஊர் வழக்கம். அப்படிப் பிடிப்பதாக இருந்தால் குடிவரும்போதே சொல்லி, எழுத்திலும் போட்டுவிடுங்கள். போகிற நாளில் முதன்முறையாகச் சொன்னால் அது ஏமாற்றுவதாகவே அவர்களுக்குப் படும். சாவி கொடுக்கும் அன்று ஒவ்வொரு அறையையும் போனில் படம் எடுத்து, மீட்டர் ரீடிங்கோடு இருவரும் பகிர்ந்துகொள்ளுங்கள்.

மாடிக்குத் தனி மீட்டர் இருக்கிறதா? இல்லை என்றால் குடித்தனம் வருவதற்கு முன் வாங்கிவிடுங்கள். வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று வாங்குகிற வீடுகளில் அந்த 100 யூனிட்டைக் குடியிருப்பவர் பார்ப்பதே இல்லை. அரசு அவர்களுக்குக் கொடுப்பதை நடுவில் நின்று நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது.

வாடகைக்கு ரசீது கொடுங்கள், ஜிபேயில் வந்தாலும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். வருமான வரிக்கு அதிகம் பயப்பட வேண்டியதில்லை. வாங்கும் வாடகையில் நீங்கள் கட்டும் வீட்டுவரியைக் கழித்து, மிச்சத்தில் 30 சதவீதத்தைச் செலவுக்கென்று நேராகக் கழித்துக்கொள்ளலாம், அதற்குப் பில் எதுவும் காட்ட வேண்டாம். மாடி கட்ட வாங்கிய கடனின் வட்டியையும் கழிக்கலாம். வீடு யார் பெயரில் இருக்கிறதோ அவர் கணக்கில்தான் இந்த வருமானம் வரும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். இந்த அளவு வாடகையும் சொற்பமான பென்ஷனும் என்றால் பெரும்பாலும் வரி கட்டும் நிலையே வராது.

ஒத்திக்குக் கேட்ட குடும்பத்துக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லியிருக்க மாட்டீர்கள். அவர்களை அலையவிடாமல் நேரில் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். பத்திரம் வங்கியில் இருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஆறு லட்சம் என்பது அவர்கள் பல வருஷம் சீட்டுக் கட்டிச் சேர்த்ததாக இருக்கலாம். அடுத்து எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் வில்லங்கம் போட்டுப் பார்க்கவும், மூலப்பத்திரத்தை அசலாகக் காட்டச் சொல்லவும், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியாமல் பணத்தைக் கொடுக்காமல் இருக்கவும் சொல்லியனுப்புங்கள். பணத்தை வங்கியில் போட்டுவிட்டு உங்கள் மாடிக்கே வாடகைக்கு வர அவர்களுக்குச் சம்மதமா என்றும் கேட்டுப் பாருங்கள்.